கல்லூரி மாணவர்கள் எந்தச் சங்கத்தில் சேருவது?

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் நமது கல்லூரிகள் புதிய மாணவர்களைச் சேர்த்துக் கொள்ளுகின்றன. உத்திரமேரூர், சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் முதலிய ஊர்களிலிருந்தும், அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் உழவர் பிள்ளைகளும், நெசவாளர் பிள்ளைகளும், கூலி வேலை செய்வோர் பிள்ளைகளும் காஞ்சிபுரத்திற்கும், செங்கற்பட்டிற்கும், செய்யாற்றிற்கும், சென்னைக்கும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் படிக்கிறார்கள். இவர்களில் பலர், தங்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசற்படியை மிதிக்கின்ற முதல் ஆள் ஆவார்கள்.

இப்பிள்ளைகள் உள்ளே கால் வைத்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் வந்து தோளில் கை போட்டு, "எந்த ஊர்? எந்த ரூட்டு? நீ நம்ம ஆளா?" என்று கேட்கிறார். அதாவது, "எங்கள் கூட்டத்தில் சேருகிறாயா?" என்று அதற்கு அர்த்தம். இந்தக் கேள்விக்கு நமது பிள்ளைகள் என்ன பதில் சொல்லுவது என்பதைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகின்றோம்.

பெற்றோர்களில் பலர் இதற்குச் சுலபமான ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "நீ எதிலும் சேராதே; போனோமா, படித்தோமா, வந்தோமா என்று இரு" என்பதே அது. பயத்தினால் சொல்லப்படும் இந்தப் புத்திமதியை நாம் கேலி செய்ய மாட்டோம். இருந்த ஒரு நகையையும் அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பினவர்களுக்குப் பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனாலும் இந்தப் புத்திமதி நடக்கக் கூடியதுமல்ல, நடந்தாலும் நன்மை தரக் கூடியதுமல்ல என்பது நமது அபிப்பிராயமாகும்.

ஏனென்றால், மேல்நிலையில் உள்ளவனுடைய பிள்ளை எந்தச் சங்கத்திலும் சேர வேண்டியதில்லை. அவன் பிறக்கும்போதே ஒரு சங்கத்தில் அங்கத்தினனாகப் பிறந்து விடுகிறான். தகப்பன் படித்த கல்லூரி, மாமன் இருக்கிற ஆபீசு, சித்தப்பனுக்குத் தெரிந்த வக்கீல், பாட்டன் காலத்துச் சிநேகிதர் வீட்டு மாடி அறை ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததுதான் அவனுடைய சங்கம். அதற்குப் போர்டு கிடையாது; சந்தா கிடையாது; ரசீது கிடையாது. ஆனால் இந்த நாட்டில் அதைவிடப் பலமான சங்கம் வேறு கிடையாது. உழவன் மகனுக்கோ, எந்த விண்ணப்பத்தை எந்த ஜன்னலில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்லுவதற்குக்கூட ஆள் கிடையாது. அப்படிப்பட்டவனைப் பார்த்து, "நீ எதிலும் சேராதே" என்று சொல்லுவது, நீந்தத் தெரியாதவனை ஏரியில் இறக்கி விட்டு, "எவன் கையையும் பிடிக்காதே" என்று சொல்லுவது போலாகும்.

இது நாம் கற்பனையாகச் சொல்லுவதல்ல. 1914-ஆம் வருஷத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டிருந்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் 452 பேர் பார்ப்பனர்கள். ஜனத்தொகையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேராக இருந்த ஒரு கூட்டம், படிப்பில் பத்துக்கு ஏழு பங்கை வைத்துக் கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு மூளை இல்லையா? மூளை இருந்தது. சென்னைப் பட்டணத்திற்கு வந்தால் தங்குவதற்கு இடமும், சாப்பிடுவதற்குச் சோறும்தான் இல்லை. பார்ப்பனரல்லாத பிள்ளை ஒருவன் வெளியூரிலிருந்து வந்து பட்டணத்தில் அறை தேடினால், முதலில் கேட்கப்பட்ட கேள்வி அவனுடைய மார்க்கைப் பற்றியதல்ல, ஜாதியைப் பற்றியது.

இந்தக் கொடுமைக்கு டாக்டர் சி. நடேசனார் கண்ட பரிகாரம் என்ன? மகஜர் எழுதியதோடு அவர் நின்று விடவில்லை. 1916-இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற பெயரால் ஒரு விடுதியை ஏற்படுத்தினார். இடம் கொடுத்தார், சோறு போட்டார், கூடிப் பேசச் செய்தார். அதே வருஷம் நவம்பர் மாதம்தான் தியாகராயச் செட்டியாரும், டாக்டர் டி.எம். நாயரும், நடேசனாரும் சேர்ந்து நீதிக்கட்சிக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கட்சிக்கு முன்பே விடுதி வந்துவிட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த இல்லத்தில் தங்கிப் படித்தவர்களில் ஒருவரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானார். மற்றொருவரான டி.எம். நாராயணசாமிப் பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். ஒரு வீடும், ஓர் அடுப்பும், நாலு நல்ல சிநேகிதர்களும் கிடைத்தால் ஒரு மாணவன் எவ்வளவு தூரம் போகக் கூடும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

கும்பகோணத்தில் நடந்ததும் இப்படிப்பட்டதே. அங்கே அரசாங்கக் கல்லூரி மாணவர் விடுதியில் பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு வேறொரு பானை என்று வைத்திருந்தார்கள். படிப்பதோ விஞ்ஞானம், குடிப்பதோ ஜாதித் தண்ணீர்! அந்த அவமானத்தைப் பொறுக்க மாட்டாத மாணவர்கள் 1943 டிசம்பர் மாதத்தில் திராவிடர் மாணவர் கழகத்தைத் தோற்றுவித்தார்கள். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் சேரன்மாதேவி குருகுலத்தில், பொதுமக்கள் பணத்தில், தேசபக்தியின் பேரால், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போடப்பட்டதையும், பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்ததையும் நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியது 1925 நவம்பரில், நமது காஞ்சிபுரத்து மகாநாட்டில்தான். ஆகவே மாணவர்கள் ஒன்று சேருவது என்பது பொழுது போகாதவர்கள் செய்யும் வேலையல்ல. சோற்றுக்கும், தண்ணீருக்கும், மானத்திற்கும் அவர்கள் ஒன்று சேர வேண்டியிருந்தது. இன்னமும் வேண்டியிருக்கிறது.

நிற்க, 'சங்கம்' என்று பெயர் வைத்துக் கொண்டதெல்லாம் நல்ல சங்கமாகி விடாது. இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது உத்திரமேரூரிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் காட்டி, "ஜனநாயகம் இங்கேதான் பிறந்தது, குடவோலை முறையைப் பாருங்கள்" என்று பெருமை பேசுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்திற்கு அடிக்கல் நாட்டிய பிரதம மந்திரியும் நமது ஊரின் பெயரைச் சொன்னார். நமக்குச் சந்தோஷமே. ஆனால் பெருமை பேசுகின்றவர்கள் கல்வெட்டை முழுவதும் படித்துக் காட்ட வேண்டாமா?

அந்தச் சபை ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை. அதாவது பார்ப்பனர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற சொந்த நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருக்க வேண்டும். மந்திரப் பிராமணம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால் வேலி நிலம் உள்ளவனுக்கும் சலுகை உண்டு. எப்படியென்றால், அவன் ஒரு வேதமும் பாஷ்யமும் கற்றவனாக இருந்தால். அந்த நிலத்தை உழுதவன் பெயர் அந்தக் குடத்திற்குள் போயிற்றா? நாற்று நட்ட பெண்ணின் பெயர் போயிற்றா? ஏரியைத் தூர் வாரினவன் பெயர் போயிற்றா? போகவில்லை. குடம் பொதுவான குடந்தான். ஆனால் அதற்குள் விழுந்த ஓலைகள் எல்லாம் ஒரே பனைமரத்து ஓலைகள்!

ஆனால் நியாயத்தைச் சொல்லவும் நாம் பின்வாங்க மாட்டோம். அதே கல்வெட்டில் இரண்டு நல்ல விதிகள் இருக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி வரக் கூடாது என்பது ஒன்று. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவன் மீண்டும் வரக் கூடாது என்பது மற்றொன்று. ஆயிரம் வருஷத்திற்கு முந்தியது என்பதற்காக எதையும் கும்பிட வேண்டியதில்லை. அதற்காகவே எதையும் தள்ளவும் வேண்டியதில்லை. பிறப்பைக் கேட்கிற விதியைக் குப்பையில் போடுவோம். கணக்கைக் கேட்கிற விதியை எடுத்துக் கொள்ளுவோம். பகுத்தறிவு என்பது அதுதான்.

வெளிநாட்டுச் சங்கதியையும் சிறிது பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் சகோதர சங்கங்கள் வைத்துக் கொண்டு, அவற்றுக்குக் கிரேக்க எழுத்துக்களால் பெயரிடுகிறார்கள். 1776-இல் ஐந்து மாணவர்கள் கூடி ஆரம்பித்த பை பீட்டா கப்பா என்பதே இவ்வகைச் சங்கங்களுக்கு முதல். விவாதம் செய்யவும் கட்டுரை படிக்கவும் அது தொடங்கிற்று. பிற்பாடு இப்படிப்பட்ட சங்கங்கள் பல பெருகி, பணக்கார வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கோட்டைகளாகி, கருப்பு நிறத்தாரை உள்ளே விட மறுத்தன. அதன்மேல் 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கருப்பு மாணவர்கள் ஏழு பேர் கூடி ஆல்பா பை ஆல்பா என்ற சங்கத்தைத் தங்களுக்கென்று ஏற்படுத்திக் கொண்டார்கள். படிப்பிலும் தங்குவதிலும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக் கொள்ளவே அது தோன்றியது. மார்ட்டின் லூதர் கிங் அதன் அங்கத்தினர். திருவல்லிக்கேணி இல்லத்திற்கும் இதற்கும் கடல் நடுவே இருக்கிறது என்பதைத் தவிர வித்தியாசம் என்ன?

ஆனால் அதே அமெரிக்காவில்தான், புதிதாகச் சேருகிறவனுக்குச் 'சோதனை' என்ற பெயரால் சாராயத்தைக் குடம் குடமாக ஊற்றுவதும், அடிப்பதும், அவமானப்படுத்துவதும் நடக்கிறது. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துச் சகோதர சங்கம் ஒன்றில் சேரப் போன பத்தொன்பது வயதுப் பிள்ளை, இப்படிக் குடிக்க வைக்கப்பட்டு, படியில் விழுந்து, பல மணி நேரம் வைத்தியரை அழைக்காமல் போட்டு வைக்கப்பட்டுச் செத்தான். அங்கிருந்த சகோதரர்களில் ஒருவனுக்காவது சகோதரன் என்ற எண்ணம் உரிய நேரத்தில் வந்திருக்குமானால் அவன் பிழைத்திருக்கக் கூடும். இக்கொடுமைகளுக்காக 2024 டிசம்பரில் அந்நாட்டார் ஒரு தேசியச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

நம் நாடு இதில் யாருக்கும் இளைத்ததல்ல. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவரை மூத்த மாணவன் ஒருவன் கொலை செய்தான். நாடே நடுங்கிற்று. 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தவனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, பதினாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம் என்று அதில் இருக்கிறது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் விதி செய்து, மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழி எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் "மூத்தவன் சொன்னால் இளையவன் செய்ய வேண்டும்" என்ற மனப்பான்மை காகிதத்தைக் கண்டா பயப்படும்? அது வருணாசிரமத்தின் குட்டியல்லவா? மேலே ஒருவன் தன்னை மிதித்தால் அவனை எதிர்க்காமல், கீழே ஒருவனைத் தேடிப் பிடித்து மிதித்துச் சமாதானம் அடைகிற புத்தியை நமக்கு மநுதர்மம் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கற்பித்து வந்திருக்கிறது. முதல் வருஷம் அழுதவன் மூன்றாம் வருஷம் அழ வைக்கிறான். ராகிங்கின் சாஸ்திரம் இவ்வளவுதான்.

இனி நமது பகுதிப் பிள்ளைகளைச் சேர்ந்த விஷயத்திற்கு வருவோம். சென்னைக் கல்லூரிகளுக்குத் தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வருகிற மாணவர்களிடையே 'ரூட்டு' என்று ஒன்று இருந்து வருகிறது. ஒரே வழியில் போகிற மாணவர்கள் ஒரு கூட்டம். அதற்கு ஒரு தலைவன். அவனுக்கு 'ரூட்டு தல' என்று பட்டம். இதைக் கேட்டவுடனே "ரவுடிப் பிள்ளைகள்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக் கொள்ளுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். புதிய மாணவனுக்கு அந்தக் கூட்டம் என்ன கொடுக்கிறது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். கிராமத்திலிருந்து தனியாக வந்த பிள்ளைக்குப் பஸ்ஸில் அது துணை கொடுக்கிறது. யாராவது அடிக்க வந்தால் பத்துப் பேர் நிற்பார்கள் என்ற தைரியம் கொடுக்கிறது. வகுப்பில் வாத்தியார் பேசும் இங்கிலீஷ் புரியாமல் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறவனுக்கு, பஸ் படிக்கட்டில் ஒரு பெயரும், ஒரு பாட்டும், 'கெத்து' என்று அவர்கள் சொல்லுகிற ஒரு மதிப்பும் கொடுக்கிறது. இவையெல்லாம் மனிதனுக்குத் தேவையானவையே. கல்லூரியும், சர்க்காரும், சமூகமும், நாமும் அதைக் கொடுக்கவில்லை, ரூட்டு கொடுக்கிறது. ஆதலால் போகிறான்.

ஆனால் விலை என்ன? விலையைக் கேட்காமல் சரக்கை வாங்குகிறவன் மோசம் போவான். 2019 ஜூன் மாதம் 'பஸ் தினம்' என்று சொல்லி ஓடுகிற பஸ்ஸின் கூரைமேல் ஏறி ஆடிய மாணவர்கள், வண்டி நின்ற வேகத்தில் கொத்தாக ரோட்டில் விழுந்ததை நாடே பார்த்தது. அதற்கு அடுத்த மாதமே சென்னையில் பட்டப்பகலில் பஸ்ஸுக்குள் மாணவர்களை மாணவர்கள் பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். போலீசார் ரூட்டு தலைகளைப் பிடித்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினார்கள். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அடிக்கப்பட்டு, சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதற்காகக் கைது செய்யப்பட்டவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். இறந்தவரும் ஏழை வீட்டுப் பிள்ளை. சிறைக்குப் போனவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இந்தச் சண்டையில் லாபம் யாருக்கு? எந்தப் பணக்காரன் பிள்ளையாவது ரூட்டுச் சண்டையில் வெட்டுப்பட்டான் என்று கேள்விப்பட்டதுண்டா? அவன் தன் வீட்டுக் காரில் போய்ப் படித்துவிட்டு உத்தியோகத்திற்குப் போய் விடுகிறான். நம்மவன் போலீசு ரிக்கார்டில் பெயரைப் பதித்துக் கொண்டு, அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடும்போது வாசலிலேயே நிற்கிறான். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையான அண்ணாதுரை படித்ததும் அதே பச்சையப்பன் கல்லூரியில்தான். அவரும் நம் பக்கத்திலிருந்து போனவர்தான். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லிக் கொள்ள நம் பிள்ளைகளுக்கு வேறு வழியா இல்லை?

இதைக் காட்டிலும் விஷமான மற்றொரு சங்கம் இருக்கிறது. அது கையில் கட்டும் கலர்க் கயிற்றில் இருக்கிறது. ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு நிறம் என்று பள்ளிப் பருவத்திலேயே கட்டி விடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளை ஒருவனையும், தடுக்க வந்த தங்கையையும், உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நன்றாகப் படித்தான் என்பதும், அவமதிப்பைப் பற்றிப் புகார் சொன்னான் என்பதுமே அவன் செய்த குற்றம். அதன்மேல் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி இவற்றை மாணவர்கள் அணியக் கூடாதென்று அது சிபாரிசு செய்தது. உடனே எத்தனை பேர் "மதம் போச்சு, பண்பாடு போச்சு" என்று கூக்குரல் இட்டார்கள்! இரண்டு பிள்ளைகள் வெட்டுப்பட்டபோது போகாத பண்பாடு, கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் போய் விடுகிறதாம்!

இங்கே ஒரு குதர்க்கத்திற்கும் பதில் சொல்ல வேண்டும். "சர்க்காரே ஜாதிச் சான்றிதழ் கேட்கிறதே, நாங்கள் ஜாதிச் சங்கம் வைத்தால் மாத்திரம் குற்றமா?" என்கிறார்கள். மருந்துச் சீட்டில் நோயின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். அதற்காக நோயைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக் கொண்டு ஊர்வலம் வர வேண்டுமா? சான்றிதழ் என்பது பறிக்கப்பட்டதைத் திரும்பப் பெறுவதற்கு. கயிறு என்பது மற்றவனிடமிருந்து பறிப்பதற்கு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் இருந்த ஜாதிப் பட்டத்தையே வெட்டி எறியச் சொன்னார்கள். அப்படி எறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை மணிக்கட்டில் கட்டிக் கொண்டு திரிவதென்றால் அது எவ்வளவு வெட்கக்கேடு?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரூட்டாகட்டும், கயிறாகட்டும், இந்தக் கூட்டங்களில் பெண்களுக்கு என்ன இடம்? பாட்டில் கேலிப் பொருளாக இருக்கிற இடம் ஒன்றுதான். அதே பஸ்ஸில், அதே ஊரிலிருந்து, அதே கல்லூரிக்கு வருகிற தன் தங்கையைச் சேர்த்துக் கொள்ள முடியாத சங்கம் ஒருவனுக்கு என்ன சங்கம்? ஊரில் பாதிப் பேரை வெளியே நிறுத்திய உத்திரமேரூர்க் குடத்திற்கும் இதற்கும் பேதம் என்ன என்று கேட்கின்றோம்.

ஆகவே, புதிதாகக் கல்லூரிக்குப் போகும் வாலிபர்களும் பெண்களும், எந்தச் சங்கம் வந்து தோளில் கை போட்டாலும், கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பிறகு பதில் சொல்ல வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.

முதலாவது, இதில் யார் சேரலாம்? பிறப்பைக் கேட்டுச் சேர்ப்பதானால், அல்லது பெண் என்பதற்காகத் தள்ளுவதானால், அந்த வாசலோடு திரும்பி விடுங்கள்.

இரண்டாவது, சேருகிறவனை என்ன செய்யச் சொல்லுகிறார்கள்? சேருவதற்கு ஒருவன் தன் மானத்தைக் கொடுக்க வேண்டியிருக்குமானால், சேர்ந்த பிறகு அவனிடம் சங்கத்திற்குக் கொடுக்க வேறு என்ன மிச்சமிருக்கும்?

மூன்றாவது, பணம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று, தலைவர் எத்தனை வருஷத்திற்கு ஒருமுறை மாறுகிறார்? கல்லில் வெட்டிய அந்த இரண்டு விதிகளையும் இங்கே கேளுங்கள்.

நான்காவது, தலைவர் சொல்லுவது தப்பு என்று கூட்டத்திலேயே எழுந்து சொல்ல முடியுமா? சொன்னவன் மறுநாளும் அதே கூட்டத்தில் உட்கார முடியுமா?

ஐந்தாவது, வேண்டாமென்று தோன்றினால் பயமில்லாமல் வெளியே வர முடியுமா? உள்ளே போக வழியிருந்து, வெளியே வர வழியில்லாததற்குச் சங்கம் என்று பெயரில்லை. எலிப்பொறி என்று பெயர்.

இந்த ஐந்து கேள்விகளுக்கும் நேரான பதில் சொல்லுகிற சங்கம், அது எந்தப் பெயரில் இருந்தாலும், தாராளமாகச் சேருங்கள். இதை மற்றவர்களுக்கு மாத்திரம் நாம் சொல்லவில்லை. நமது இயக்கத்தின் மாணவர் அமைப்பையும் இதே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கருப்புச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதற்காகக் கேட்காமல் விட்டு விடாதீர்கள். கேள்விக்குப் பயப்படுகிறவன் பகுத்தறிவுக்காரன் ஆக மாட்டான்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதும் ஒரு நல்ல அடையாளம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-இல் மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அவர்கள் பஸ் கூரையில் ஏறவில்லை, கத்தி எடுக்கவில்லை, புத்தகம் படித்தார்கள், துண்டுப் பிரசுரம் போட்டார்கள், விவாதம் செய்தார்கள். யாரோ எழுதிய பெயரில்லாக் கடிதத்தின் பேரில் 2015 மே மாதம் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு ஜூன் மாதம் திரும்பக் கொடுக்கப்பட்டது. படிக்கிற மாணவன் கூடிப் படிக்க ஆரம்பித்தால் எவ்வளவு பெரிய பீடமும் ஆட்டம் காணும் என்பதற்கு இது போதாதா?

கடைசியாக, நமது பகுதித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கெட்ட கூட்டத்தில் சேருகிறார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து வருத்தப்படுவதில் பிரயோஜனம் இல்லை. நல்ல கூட்டம் ஒன்றை நாம் வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. திராவிடர் இல்லம் போல ஒரு விடுதி கட்ட நம்மிடம் பணமில்லாமல் இருக்கலாம். பிற்படுத்தப்பட்டோர் விடுதி, ஆதிதிராவிடர் விடுதி என்று பெயர் தாங்கி நின்ற அரசாங்க விடுதிகள் 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டன. பெயர் மாறியது நல்லதே. ஆனால் உள்ளே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தைச் சர்க்கார் உத்தரவால் கொண்டுவர முடியாது. அது நம் வேலை.

ஒவ்வொரு ஊரிலும் கல்லூரியில் படித்தவர்களும் படிக்கிறவர்களுமாகப் பத்துப் பேர் கிடைக்க மாட்டார்களா? அந்தப் பத்துப் பேர், எல்லா ஜாதியாரும் எல்லாத் தெருவாரும் ஆணும் பெண்ணுமாக, மாதம் ஒரு நாள் ஓரிடத்தில் கூடட்டும். இந்த ஊரிலிருந்து இவ்வருஷம் கல்லூரிக்குப் போகிறவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். வருமானச் சான்றுக்கும், முதல் பட்டதாரிச் சான்றுக்கும், உதவித்தொகைக்கும், விடுதிக்கும், பஸ் பாசுக்கும் விண்ணப்பிக்கும் நாட்களில் மூத்த மாணவர் ஒருவர் புதிய மாணவரோடு கூடப் போகட்டும். படித்து முடித்தவர்கள் புத்தகங்களைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போடாமல் அடுத்தவர்களுக்குக் கொடுக்கட்டும். இங்கிலீஷ் புரியாதவனுக்கு, கேலி செய்யாமல் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கட்டும். எவனாவது ராகிங் செய்தால் பாதிக்கப்பட்டவனோடு பத்துப் பேரும் சேர்ந்து கல்லூரித் தலைவரிடம் போய் எழுத்து மூலம் புகார் கொடுக்கட்டும். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டு விட்டுப் போகட்டும். பைசா செலவு எவ்வளவானாலும் கணக்கைச் சுவரில் ஒட்டட்டும்.

இது நடக்குமானால், அடுத்த ஜூன் மாதம் நம் பிள்ளையின் தோளில் கை போட்டு "நீ நம்ம ஆளா?" என்று கேட்கிறவனுக்கு அவன் தலை நிமிர்ந்து பதில் சொல்லக் கூடும். நடக்காவிட்டால், அந்தப் பதிலை ஒரு கயிறோ, ஒரு கத்தியோ அவனுக்காகச் சொல்லிவிடும். எது வேண்டுமென்பதைப் பெற்றோர்களும், படித்த வாலிபர்களும் இப்போதே தீர்மானித்துக் கொள்ள வேண்டுமென்று வற்புறுத்திச் சொல்லுகின்றோம்.